அரபுலக இளையோர் ஆய்வில் சிறு நல்கைகள்

பெய்ரூட்டைத் தலைமையிடமாகக் கொண்ட அரபு சமூக அறிவியல் பேரவை, அரபுலக ஆய்வாளர்களுக்கு நல்கை வழங்கிவருகிறது. ஏற்றத்தாழ்வு அதன் தொடக்கக்கால ஆய்வுப் பொருள்களுள் ஒன்று. இளையோர், நகர்ப்புற ஏற்றத்தாழ்வு குறித்த ஆய்வுகளில் சிறு நல்கைகளின் பயன் தொகையைப் பொறுத்ததன்று. ஆய்வு வினாவை வகுப்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

பன்னாட்டு முகமைகளுக்கான ஆலோசனைப் பணியில் வினா பெரும்பாலும் முன்னரே வகுக்கப்பட்டுவிடுகிறது. ஆய்வாளர் தரவு திரட்டுபவராகச் சுருங்குகிறார். கெய்ரோவில் அரசின் அனுமதியின்றி எழுந்த குடியிருப்புகள் 'அஷ்வாயிய்யாத்' எனப்படுகின்றன. ஒழுங்கின்றி அமைந்தவை என்பது இவ்வரபுச் சொல்லின் பொருள். இச்சொல்லை அப்படியே ஏற்கும் ஆய்வு, அங்கு வாழும் இளைஞரை ஒழுங்குபடுத்தப்பட வேண்டியவராகவே காணும். வினாவைத் தாமே வகுக்கும் ஆய்வாளர், இப்பெயரைச் சூட்டியவர் யார், அதனால் பயனடைபவர் யார், அம்முகவரி வேலை தேடும் இளைஞருக்குத் தடையாகிறதா எனக் கேட்க இயலும்.

ஆயினும் நல்கை மட்டும் போதாது. அரபுலகின் கிழக்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் சாரி ஹனஃபி, உலகளவில் வெளியிடுவோர் உள்ளூரில் அறியப்படாமலும், உள்ளூரில் வெளியிடுவோர் உலகளவில் அறியப்படாமலும் போவதை 2011இல் சுட்டிக்காட்டினார். ஆகவே, அரபு மொழி வெளியீட்டுக்கும் நல்கையில் இடமளித்தல் வேண்டும். அன்றேல், யாரைப் பற்றி ஆய்வு நிகழ்ந்ததோ அவர்களை அதன் முடிவுகள் சென்றடையா.