பஸ் பாதை தீர்மானிக்கும் பாடம்

மலையகக் கல்வி: தொடர் 9

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு தோட்ட வீடுகளில் எடுக்கப்படும் அவசர முடிவைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவ, கந்தேநுவர பக்கம் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் 'ஏ' எடுத்த ஒரு பிள்ளை கலைப் பிரிவில் சேர்ந்தால், அது விருப்பத்தால் நடந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி வகைப் பாடசாலையில்தான் இருக்கும். 1சி என்றால் கலையும் வர்த்தகமும்தான். கிட்டத்தில் இருப்பது 1சி என்றால், பிள்ளை எந்தப் பாடம் படிப்பது என்பதை பஸ் பாதையே தீர்மானித்துவிடுகிறது.

விஞ்ஞானப் பிரிவு கிடைக்காத பிள்ளை இழப்பது பரீட்சைச் சான்றிதழை மட்டுமல்ல. அமெரிக்காவில் கல்லூரித் தரப் பாடங்களை உயர்நிலைப் பள்ளியிலேயே படிக்கவென்று 1950களில் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். நம்முடைய உயர்தரப் பாடத்திட்டத்திலேயே அந்த ஆழம் இருக்கிறது. இணைந்த கணிதத்தில் வகையீடும் தொகையீடும் நிலையியலும் இயக்கவியலும் வருகின்றன. இரசாயனவியல் கூடத்தில் அளவியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் காரத்தை விட்டு, பினோல்ப்தலீன் சேர்த்த அமிலம் இளஞ்சிவப்பாக மாறும் அந்த ஒரு துளியில் கையை நிறுத்தப் பழகும் பிள்ளைக்கு, அளப்பதும் சந்தேகிப்பதும் மறுபடி செய்து பார்ப்பதும் 17 வயதிலேயே வசமாகிவிடுகின்றன. இந்தப் பழக்கத்தைப் பின்னால் எந்த ரியூஷன் வகுப்பாலும் ஊட்ட முடியாது.

மாத்தளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் பதுளையும் உண்டு, மாத்தளை இல்லை. ஆகவே இரத்தோட்டைத் தோட்டத்துப் பிள்ளை, ஆய்வுகூடமும் ஆசிரியர்களும் உள்ள நகரப் பாடசாலைப் பிள்ளையோடு ஒரே மாவட்டப் பட்டியலில் நின்று போட்டியிட வேண்டும். இங்கே விஞ்ஞானப் பிரிவு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதது அதனால்தான் இரட்டை இழப்பு.

'பலவீனமான பிள்ளை விஞ்ஞானப் பிரிவில் மூன்று பாடத்திலும் தோற்றுப்போகும், கலை எடுத்தால் சித்தியாவது கிடைக்கும்' என்று அக்கறையுள்ள ஆசிரியர்களே சொல்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாததுதான். அந்தக் குறைக்காகப் பிள்ளையின் பாதையை அடைப்பது நியாயமாகாது. பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைக்கும் இந்தப் படிப்பு வீண்போவதில்லை. தாதியர் பயிற்சிக்கு விஞ்ஞானப் பிரிவுச் சித்தி கேட்கிறார்கள். கல்வியியற் கல்லூரியிலும் கணித, விஞ்ஞான ஆசிரியராக அதுவே வழி. இன்று சேராத பிள்ளைதான் நாளை தோட்டப் பாடசாலையில் இல்லாத விஞ்ஞான ஆசிரியர்.

பத்துப் பேருக்காக ஒரு பிரிவா என்ற கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. ஒவ்வொரு பாடசாலைக்கும் ஆய்வுகூடம் கட்டச் சொல்லவில்லை. இரத்தோட்டை, உக்குவெல, எல்கடுவ போன்ற ஒவ்வொரு பகுதிக்கும் தமிழ்மொழிமூல விஞ்ஞானப் பிரிவுள்ள ஒரு பாடசாலை இருக்கட்டும். அதற்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆகிய நான்குக்கும் நிரந்தர ஆசிரியர்கள் வேண்டும். தூரத்துப் பிள்ளைகளுக்கு விடுதி வேண்டும். மாலை வகுப்பு முடிந்த பிறகு தோட்டத்துக்குத் திரும்ப ஒரு பஸ்ஸும் வேண்டும்.