நேரலைக் காட்சியைக் கணினி படிப்பது எப்படி?

சாலைச் சந்திப்பில் பொருத்திய கேமரா இடைவிடாமல் காட்சியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வண்டிகளை எண்ணும் மென்பொருளோ ஒரு நேரத்தில் ஒரு படத்தைத்தான் ஆராயும். ஓடும் காட்சியைத் தனித்தனிப் படங்களாக்கி, பழசாகிவிடும் முன் மென்பொருளிடம் சேர்க்க வேண்டும். இந்த ஏற்பாடு சரியாக அமையாவிட்டால், எவ்வளவு திறமையான மென்பொருளும் தவறான கணக்கையே தரும்.

சுருக்கமும் இணைப்பும்

1920 × 1080 பிக்சல் கொண்ட வண்ணப்படம் ஒன்றுக்கு, பிக்சலுக்கு 3 பைட் வீதம் 62,20,800 பைட் தேவை. நொடிக்கு 25 படங்கள் என்றால் ஏறக்குறைய 155 மெகாபைட். கிகாபிட் நெட்வொர்க்கும் இதைத் தாங்காது. எனவே எச்.264 போன்ற முறையில் கேமராவே காட்சியைச் சுருக்கி அனுப்புகிறது. அவ்வப்போது ஒரு முழுப்படம் வரும். இடைப்பட்டவற்றில் பெரும்பாலும் மாற்றங்கள் மட்டுமே இருக்கும்.

இத்தகைய நெட்வொர்க் கேமராக்களில் பெரும்பாலானவற்றோடு பேச, 1998இல் தரப்படுத்தப்பட்ட ஆர்டிஎஸ்பி நெறிமுறை பயன்படுகிறது. தரவை அனுப்ப யுடிபி, டிசிபி என இரு வழிகள் உண்டு. யுடிபி வழியாக வந்தால் தாமதம் குறைவு. ஆனால் வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால், அடுத்த முழுப்படம் வரும்வரை படத்தில் சாம்பல் திட்டுகள் படரும். டிசிபி வழியில் தொலைந்தது மீண்டும் அனுப்பப்படும். அதற்குச் சற்று நேரம் பிடிக்கும்.

விரித்தல்

1999இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட ஓபன்சிவி நிரல் தொகுப்பு, பெரும்பாலும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளின் துணையோடு, சுருக்கத்தை விரித்து ஒவ்வொரு படத்தையும் எண்களின் அடுக்காகத் தருகிறது. அதில் நிறங்கள் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் இருக்கும். பல மென்பொருள்கள் எதிர்பார்ப்பது சிவப்பு, பச்சை, நீலம். வரிசையை மாற்றாவிட்டால் சிவப்புப் பேருந்து நீலப் பேருந்தாகிவிடும்.

சேர்ந்துவிடும் தாமதம்

நொடிக்கு 25 படங்கள் வந்து சேர, ஒரு படத்தை ஆராய 100 மில்லிநொடி ஆனால், 10 படங்களே முடியும். 15 படங்கள் தேங்கும். ஒரு நிமிடத்தில் 900 படங்கள் தேங்க, மென்பொருள் 36 நொடிக்கு முந்தைய சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். போக்குவரத்து நெரிசலைக் கண்டு எச்சரிக்க வேண்டிய இடத்தில் இது பெரிய குறை.

இதற்குத் தீர்வு, பெறும் வேலையையும் ஆராயும் வேலையையும் ஒரே நேரத்தில் இயங்கும் இரண்டு த்ரெட்களாகப் பிரிப்பது. முதலாவது எல்லாப் படங்களையும் விரித்து, கடைசிப் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். இரண்டாவது ஓய்ந்ததும் அதை எடுத்துக்கொள்ளும். முழுப்படங்கள் தவிர மற்றவை வேறு படங்களை நம்பி இருப்பதால், வேண்டாதவற்றை விரிப்பதற்கு முன்பே கழித்தால் படம் சிதையும். விரித்த பிறகே கழிக்க வேண்டும்.

அறுந்தால் இணைப்பது

மின்தடையாலோ நெட்வொர்க் கோளாறாலோ இணைப்பு அறுவது சகஜம். குறித்த நேரத்துக்குள் புதுப் படம் வராவிட்டால், பழைய இணைப்பை மூடிவிட்டு மீண்டும் இணைக்கும்படி நிரல் அமைய வேண்டும். கேமராக்கள் பெருகினால் விரிக்கும் சுமையை ஜிபியு எனப்படும் வரைகலைச் செயலியிடம் ஒப்படைக்கலாம். அல்லது பல கேமராக்கள் கூடவே தரும் குறைந்த தெளிவுள்ள இரண்டாவது ஓடையைப் பயன்படுத்தலாம்.