ஆவுளியாவும் அழுங்கும்

கடலில் புல் மேயும் ஆவுளியா, காட்டில் கரையான் தின்னும் அழுங்கு: இரண்டில் எதற்கு ஆபத்து அதிகம் என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இந்திய அழுங்கு 'அருகிய இனம்'. ஆவுளியா ஒரு படி குறைவாக 'அழிவாய்ப்பு இனம்'. அதை வைத்து ஆவுளியா தப்பித்தது என்று எண்ணிவிடக் கூடாது. பட்டியல் உலகம் முழுமைக்குமான கணக்கு. ஆவுளியாக்களில் பெரும்பகுதி ஆஸ்திரேலியக் கடலில் வாழ்கிறது; இந்தியக் கடல்களில் மிஞ்சியிருப்பவை சில நூறுதான்.

உறவுமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆவுளியாவுக்கு யானை உறவு, அழுங்குக்குப் பூனையும் நாயும் உறவு. ஆவுளியாவின் நெருங்கிய சொந்தமான ஸ்டெல்லர் கடற்பசுவை 1741-இல் கண்டார்கள். 1768-க்குள் வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள்.

வியக்கவைப்பது ஆவுளியாவின் மிதவைக் கணக்கு. காலிக்குடத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் புரண்டு மேலே எழும்பும். மூச்சை நிரப்பிக்கொண்டு கடலடியில் மேய வேண்டிய ஆவுளியாவுக்கும் அதே சிக்கல். அதன் நுரையீரல்தான் குடம். முதுகெலும்பை ஒட்டி நீளவாக்கில் அது படுத்திருப்பதால் காற்று ஒரு முனையில் குவிவதில்லை, உடல் புரள்வதில்லை. குடத்தில் கட்டிய கல், விலா எலும்புகள்: உள்ளே மஜ்ஜைக் குழி இல்லாமல் கெட்டியாக இறுகியவை. உதரவிதானமோ குடத்தின் வயிற்றைத் தாங்கும் உள்ளங்கை. நுரையீரலுக்கு அடியில் கிடையாக விரிந்திருக்கிறது. அந்தக் கை அமுக்கினால் அமிழலாம், தளர்ந்தால் எழலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியே ஆக வேண்டும். வலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும்.

அழுங்கின் கவசமும் இப்படித்தான், மனிதனிடம் உதவாது. சுருண்ட பந்தைச் சிறுத்தையால் எளிதில் பிரிக்க முடியாது. மனிதன் அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்கிறான். செதில் மருந்து என்பது வெறும் பேச்சு. அது கெரட்டின், நம் நகத்தில் இருக்கும் அதே புரதம். உலக வணிகத்துக்கு 2016-இல் தடை முடிவானது, கடத்தல் நிற்கவில்லை.

இரண்டும் பெரும்பாலும் ஒரே குட்டிதான் ஈனும். ஆவுளியா அடுத்த குட்டி ஈன மூன்று முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகும். ஆகவே, வளர்ந்த விலங்கு ஒன்று செத்தால் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது. 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் ஆவுளியாக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது நல்ல தொடக்கம். ஆனால் அறிவிப்பு மட்டும் விலங்கைக் காப்பாற்றாது. வலையை அறுத்து ஆவுளியாவை உயிரோடு விடும் மீனவர்தான் அதைக் காப்பாற்றுகிறார். அவருடைய வலைக்கு உரிய ஈட்டை அரசு தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். அழுங்குச் செதிலை மருந்தென்று யாராவது விற்க வந்தால், வாங்காதீர்கள்; வனத்துறைக்குச் சொல்லுங்கள்.