இலையை மடித்ததும் வரும் தேநீர்

புரட்டாசி பிறந்துவிட்டால் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் சைவச் சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம் பெருகும். பருப்பும் கூட்டும் ரசமும் மோரும் உண்டு திருப்தியுற்று, இலையை மடித்துக் கையலம்பிய ஈரம் காய்வதற்குள் நுரை ததும்பும் தே தாரிக்கை ஏந்திக்கொள்ளும் நம்மவரைப் பார்த்து, 'இறைச்சியை விட்டால் புரதத்துக்கு என்ன செய்வீர்கள்?' என்று அனுதாபத்தோடு விசாரிப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் அனுதாபப்பட வேண்டிய பொருள் புரதமன்று, இரும்பு என்பதே என் அபிப்பிராயம்.

உடலெடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஐம்பது கிராம். அரிசியில் குறைவுபடும் லைசினைப் பருப்பும், பருப்பில் குறைவுபடும் மெதியோனினை அரிசியும் ஈடுசெய்கின்றன. மலாய்க்காரர் சந்தையில் மலிவாய்க் கிடைக்கும் தெம்பே, நூறு கிராமில் ஏறக்குறைய பத்தொன்பது கிராம் புரதம் தரும். சீனர் கடைகளிலிருந்து நம் வீட்டுப் பிரட்டலுக்குள் குடியேறிவிட்ட சைவ இறைச்சியைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: கோதுமைப் பசையால் ஆனதில் புரதம் ஏராளம், லைசின் சொற்பம். ஆகவே அதை உண்ணும் நாளில் பருப்பை ஒதுக்குவது புத்திசாலித்தனமல்ல.

இரும்பின் சமாசாரம் வேறு. மாமிசத்தில் ஹீம் என்னும் கூட்டுப்பொருளுக்குள் பத்திரமாக இருக்கும் இரும்பு அப்படியே குடலுக்குள் ஏற்கப்படுகிறது. கீரையிலும் தானியத்திலும் பயறிலும் உள்ள இரும்போ, அவற்றிலேயே உள்ள ஃபைட்டேட் போன்ற பொருள்களிடம் சிக்கிப் பெரும்பகுதி வீணாகிறது. இட்லி மாவைப் புளிக்கவைப்பதும் தெம்பேயை நொதிக்கவைப்பதும் அந்தச் சிக்கலை ஓரளவு அவிழ்க்கின்றன. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பத்தில் மூவருக்கு ரத்தசோகை என்று கண்டது. தலசீமியா போன்ற காரணங்களும் இதில் கலந்திருப்பதால் பழி முழுவதையும் இரும்பின்மேல் போடுவதற்கில்லை. எனினும் பெரும்பங்கு அதற்குண்டு.

உணவிலுள்ள இரும்பை உடலில் ஏற்றும் விஷயத்தில் உலகத்துக்குப் பாடம் கற்பித்தவர்களுள் நம் உறவினர் என்றே சொல்லத்தக்கவர்களும் உண்டு. நம் முன்னோர் மலாயாத் தோட்டங்களுக்கு வந்ததுபோலவே 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்களல்லவா? தென்னாப்பிரிக்க இந்தியத் தாய்மார் 234 பேருக்குக் கதிரியக்க இரும்பு சேர்த்த அரிசி உணவைப் பழச்சாறுகளோடும் பழங்களோடும் கொடுத்து, அவ்விரும்பில் எவ்வளவு சிவப்பணுக்களில் போய்ச் சேர்ந்தது என்று அளந்த ஆய்வு 1987-இல் வெளியாயிற்று. சாற்றுக்குச் சாறு, நூற்றுக்கு நான்கு பங்கிலிருந்து பதின்மூன்று பங்கு வரை இரும்பு ஏறியது. வைட்டமின் சி மிகுந்திருந்த அளவுக்கே ஏற்றமும் மிகுந்தது. பழங்களில் கொய்யாவும் பப்பாளியும் முன்வரிசையில் நின்றன. 'அசாம் போய்' என்னும் புளிப்புப் பிளம் தூளைத் தூவிப் பழக்கடைக்காரர் பையில் போட்டுத் தரும் அந்தக் கொய்யாத் துண்டுகளில், எடைக்கு எடை ஆரஞ்சைப்போல் நான்கு மடங்கு வைட்டமின் சி உண்டு. எலுமிச்சம்பழத்தையும் பருப்பை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிவதே உத்தமம். கொதியில் அந்தச் சத்து அழியும்.

தேநீர் இதற்கு நேர்விரோதி. தென்னாப்பிரிக்காவிலேயே 1975-இல் வெளிவந்த ஆய்வு, ரொட்டியோடும் சோற்றோடும் அருந்திய தேநீர் இரும்பைத் தடுப்பதைக் காட்டியது. தேநீரின் டானின் இரும்போடு கூடிக் கரையாத கறுப்புப் பொருளாகிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் பாட்டனார் மை காய்ச்சியது இதே ரசாயனத்தால்தான். 1999-இல் செய்த சோதனையில் கறுப்புத் தேநீர், ரொட்டியிலிருந்து ஏறும் இரும்பை நூற்றுக்கு எண்பதுக்குமேல் குறைக்க வல்லது எனத் தெரிந்தது. பால் சேர்ப்பதால் பெரிய வித்தியாசம் ஏதும் இல்லையாம், ஆகவே தே தாரிக்குக்கும் மன்னிப்பு கிடையாது. ஆனால் தேநீரைத் துறக்க வேண்டியதில்லை: சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் இழப்பு வெகுவாகக் குறைகிறது என்று 2017-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு கண்டது.

கிளினிக்கில் இரும்பு மாத்திரை வாங்கி வந்து காலைத் தேநீரோடு விழுங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அம்மாத்திரைகளில் ஒருவகையான ஃபெரஸ் சல்பேட் என்பது அந்த அன்னபேதியேதான்; ஒரு பிடி கடுக்காய் இல்லாமலே அவர்கள் வயிற்றுக்குள் மை காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள்.