புதிய டார்ச்லைட் இருக்க, பழையது எதற்கு?

விடுதியில் என் மேசைமேல் கிடக்கும் டார்ச்லைட்டைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "இதற்கு இன்னும் பேட்டரி மாற்ற வேண்டுமா?" என்பதுதான். அடுத்து, "எத்தனை லூமன்?" தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 14 என்பேன். சிரிப்பார்கள். இணையக் கடையில் 40 ரிங்கிட்டுக்கும் குறைவாக '10,000 லூமன்' என்று விற்கும் காலத்தில் 14 என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

அது மினி மேக்லைட். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டோனி மாக்லிக்கா என்பவரின் நிறுவனம் 1984இல் வெளியிட்ட வகை. அலுமினியக் குழாய், அதற்குள் வரிசையாக இரண்டு ஏஏ பேட்டரிகள், முனையில் ஒரு சின்ன பல்பு. பொத்தான் கிடையாது. தலையைத் திருகினால் எரியும். இன்னும் திருகினால் ஒளி விரியும். வால்பக்க மூடிக்குள் ஒரு மாற்று பல்பு ஒளிந்திருக்கும். என்னிடம் இருப்பது, பெரியப்பா கிள்ளான் துறைமுகத்தில் இரவு வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. கறுப்புப் பூச்சு தேய்ந்து, விரல் படும் இடமெல்லாம் வெள்ளியாகிவிட்டது.

முதலில் அந்த 10,000 லூமனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறிவியல் பிரிவு மாணவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. இப்போதைய டார்ச்லைட்டுகளில் பெரும்பாலும் இருப்பது 18650 என்ற லித்தியம் பேட்டரி. பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல தரமான ஒன்றில் ஏறக்குறைய 10 வாட்-மணி ஆற்றல் அடங்கும். ஒரு வாட்டுக்கு 125 லூமன் தரும் நல்ல எல்இடி என்றே வைத்துக்கொண்டாலும், 10,000 லூமனுக்கு 80 வாட் தேவை. 10ஐ 80ஆல் வகுத்தால் எட்டு நிமிடத்துக்கும் குறைவு. அந்த எட்டு நிமிடமும் உள்ளங்கை அளவுள்ள ஓர் உலோகக் குழாய் 80 வாட்டைத் தாங்க வேண்டும். கையில் பிடிக்க முடியாது. ஒற்றை பேட்டரி போட்ட மலிவு டார்ச்லைட்டின் பெட்டியில் இந்த எண் அச்சிடப்பட்டிருந்தால், அது விளம்பரம், அளவீடு அல்ல.

நேர்மையான நிறுவனங்கள் அமெரிக்காவில் 2009இல் வகுக்கப்பட்ட 'ஏஎன்எஸ்ஐ எப்எல்1' என்ற தரமுறையைப் பின்பற்றுகின்றன. அதிலும் கவனிக்க ஒன்று உண்டு. 'எரியும் நேரம்' என்று அவர்கள் போடுவது, ஒளி தொடக்க அளவில் 10 விழுக்காட்டுக்குக் குறையும்வரை ஆகும் நேரம். பெட்டியில் '1,000 லூமன், 3 மணி நேரம்' என்று இருந்தால், மூன்று மணி நேரமும் 1,000 லூமன் எரியும் என்று பொருளாகாது. சூடேறியதும் பல விளக்குகள் சில நிமிடங்களிலேயே தாமாக ஒளியைக் குறைத்துக்கொள்ளும். மீதி நேரமெல்லாம் அந்தக் குறைந்த ஒளிதான்.

நம் கண்ணும் லூமனைக் கூட்டல் கணக்காகப் பார்ப்பதில்லை. இரு மடங்கு வெளிச்சமாகத் தோன்ற ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி வேண்டும். இருட்டுக்கு நன்றாகப் பழகக் கண்ணுக்கு 20, 30 நிமிடங்கள் ஆகும். ஒருமுறை பலமான விளக்கை முகத்தில் அடித்தால் அத்தனையும் வீண். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு 14 லூமன் படிக்கட்டில் இறங்கவும், பை தேடவும், மருந்துச்சீட்டு படிக்கவும் தாராளம்.

இவையெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. நான் இந்த விளக்கின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் வேறு.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. பள்ளி விடுமுறைக்கு ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு 16 வயது. முதல் நாள் பிடித்த மழை விடவேயில்லை. மாலைக்குள் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிட்டது. பாட்டியை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிப் போனோம். ரொட்டி, பால்மாவு, குடிநீர், அடையாள அட்டைகள், பாட்டியின் மாத்திரைப் பை ஆகியவற்றை எடுத்து வருவதற்குள் மின்சாரம் போய்விட்டது. மாடியில் ஏழு பேர். நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் உயிரிழந்த வெள்ளம் அது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அண்ணனிடம் புதிய டார்ச்லைட் ஒன்று இருந்தது. யுஎஸ்பியில் மின்னேற்றுவது, பேட்டரி உள்ளேயே அடைக்கப்பட்டது. அடித்தால் எதிர்வரிசை வீட்டுக் கூரைவரை வெளிச்சம். நள்ளிரவுக்குள் அணைந்துவிட்டது. பவர் பேங்க் ஒன்றே ஒன்று. அதைக் கைப்பேசிக்குக் கொடுப்பதா, விளக்குக்குக் கொடுப்பதா? கைப்பேசிதான் உதவி கேட்க இருந்த ஒரே வழி. அதன் விளக்கைப் போடக்கூடப் பெரியம்மா விடவில்லை.

பெரியப்பா அலமாரியிலிருந்து மினி மேக்லைட்டை எடுத்தார். தலையை முழுதாகக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, விளக்கின் வாலை அதற்குள் செருகி நிற்கவைத்தார். மெழுகுவர்த்தி மாதிரி நாலாபக்கமும் மஞ்சள் வெளிச்சம். அதைப் படிக்கட்டின் மேலே வைத்து, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் எத்தனையாவது படிக்கு வந்திருக்கிறது என்று எண்ணினோம். ஐந்தாவது படியில் வெகுநேரம் நின்றது. பிறகு ஆறாவது. பாட்டி எண்ணிக்கையைக் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டார், தூங்கவில்லை.

ஞாயிறு மாலை அந்த விளக்கும் மங்கியது. அப்போது வீட்டில் ஏஏ தேடும் படலம் தொடங்கியது. தொலைக்காட்சி ரிமோட்டில் இருந்தவை ஏஏஏ, உதவாது. சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றை உருவினோம். அதைப் போட்டால் பல்பு கங்கு போலச் சிவந்ததே தவிர எரியவில்லை. கடிகாரம் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிப்பது. முக்கால் செத்த பேட்டரியிலும் மாதக்கணக்கில் ஓடும். பல்புக்கு அது போதாது. கடைசியில் அக்கா மகனின் விளையாட்டுக் காரில் இரண்டு கிடைத்தன. அவன் அழுதான். கொடுத்துவிட்டான்.

அன்றிரவு தெருமுனையில் படகுச் சத்தம் கேட்டபோது பெரியப்பா தலையைத் திருகி ஒளியைக் குவித்து, சன்னலிலிருந்து மேலும் கீழுமாக ஆட்டினார். தன்னார்வலர்கள் வந்த சின்னப் படகு. முதலில் பாட்டியும் அக்கா மகனும் போனார்கள்.

அண்ணனின் விளக்கு மோசமான விளக்கு அல்ல. மின்சாரம் உள்ள ஊரில் அதுதான் மேல். ஆனால் அதன் ஆற்றல் ஒரு பெட்டிக்குள் பூட்டப்பட்டது. இன்னொரு பொருளிலிருந்து கடன் வாங்க வழியில்லை. ஏஏ அப்படியல்ல. 1947இலேயே அமெரிக்காவில் தர அளவாக்கப்பட்டது, 14.5 மில்லிமீட்டர் விட்டம், 50.5 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் பொம்மைக் காரில் இருந்தது டார்ச்லைட்டில் பொருந்தியது. பெட்ரோல் நிலையத்திலும் தோட்டத்து மளிகைக் கடையிலும் கிடைப்பது அதுவே. இரண்டு ஏஏயில் இருக்கும் ஆற்றல் ஒரு 18650இல் பாதிதான் என்பது உண்மை. அந்தப் பாதி கையில் கிடைக்கிறது என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்னொன்று, இந்த விளக்கை என்னால் முழுவதும் புரிந்துகொள்ள முடிகிறது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு அறிவியலில் தொடர் மின்சுற்று வரைந்தோமே: இரண்டு மின்கலம், ஒரு விசை, ஒரு பல்பு. அதே படம்தான் அலுமினியக் குழாய்க்குள் இருக்கிறது. அணைத்தால் சுற்று உண்மையாகவே அறுந்துவிடும். புதியவற்றில் பல, மென்பொத்தான் வைத்தவை; அணைந்திருக்கும்போதும் உள்ளே ஒரு சில்லு விழித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் அவசர விளக்குக்கு அது நல்ல குணமில்லை.

பெரியப்பா விளக்கை எனக்குக் கொடுத்த பிறகு பல்பைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் பொருந்தும் எல்இடி தொகுதி ஒன்றைப் போட்டேன். பழைய இழை பல்பு, தின்னும் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக விரயம் செய்வது, எல்இடி அப்படியல்ல. அதே இரண்டு பேட்டரியில் இப்போது கூடுதல் வெளிச்சம், கூடுதல் நேரம். பெரியப்பாவுக்கு அந்த வெள்ளை ஒளி பிடிக்கவில்லை. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்கிறார். பழைய பல்பை வால்மூடிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எல்லா வேலைக்கும் இதையே எடுத்துப் போகிறவன் அல்ல நான். நெகிரி செம்பிலானில் உள்ள 884 மீட்டர் குனோங் டத்தோவில் சூரிய உதயம் பார்க்க விடியுமுன் ஏறினால், தலையில் மாட்டும் விளக்குதான் சரி. பாறையில் இரண்டு கையும் வேண்டும். வாயில் டார்ச்லைட்டைக் கவ்விக்கொண்டு ஏறுவது வீரமில்லை. புதிதாக வாங்குபவர்கள் ஏஏயில் ஓடும் எல்இடி விளக்கையே வாங்கலாம். கொஞ்சம் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பேட்டரிக்கு வருவோம். அன்றாடத்துக்கு நான் போடுவது மின்னேற்றக்கூடிய நிக்கல் வகை ஏஏ. 2005இல் ஜப்பானின் சான்யோ 'எனலூப்' என்று கொண்டுவந்தது முதல், ஓராண்டு சும்மா கிடந்தாலும் பெரும்பகுதி மின்னேற்றம் மிஞ்சும் வகை கிடைக்கிறது. அழுத்தம் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2தான், விளக்கு எரிய அது போதும். அவசரத்துக்கென்று நான்கு சாதாரண அல்கலைன் பேட்டரிகளை உறையோடு பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், விளக்குக்குள் அல்ல. அல்கலைன் பழையதானால் கசியும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அலுமினியத்தை அரிக்கும். பேட்டரி குழாயோடு ஒட்டிப்போய் வெளியே வராமல் குப்பைக்குப் போன மேக்லைட்டுகள் ஏராளம். இந்த விளக்கின் பெரிய பலவீனமே அதுதான்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய டார்ச்லைட் ஒன்று கிடக்கலாம். இந்த வாரக் கடைசியில் அதைத் திறந்து பாருங்கள். பேட்டரியின் முனையில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டுப் பேட்டரியை எடுத்துவிட்டு, பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டு முனைகளைத் துடையுங்கள், பொடி இளகிவிடும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு இரண்டு புது ஏஏ போட்டுத் திருகிப் பாருங்கள்.