கழுத்து வலியா? நாற்காலியை மட்டும் குறை சொல்லாதீர்கள்!

கம்ப்யூட்டர் முன் பல மணி நேரம் உட்காருபவர்களுக்குக் கழுத்து வலி வருவது சகஜம். மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும், அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள் என்றுதான் நானும் கேட்பவர்களிடம் சொல்வேன். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஆனால் எந்த நாற்காலியை மாற்றினாலும் போகாத வலிகள் சில உண்டு. அபூர்வமானவைதான். அடையாளம் தெரிந்திருந்தால் வீண் அலைச்சல் மிச்சம்.

ட்ரைஜெமினல் நியூரால்ஜியா: முகத்தின் ஒரு பக்கத்தில் கரண்ட் ஷாக் அடித்தது போல் சில நொடிகள் வலிக்கும். பல் தேய்த்தால், முகம் கழுவினால், குளிர்ந்த காற்று பட்டால்கூட வரும். பல் வலி என்று நினைத்து நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. மூளைத் தண்டின் அருகே ஒரு ரத்தக் குழாய் நரம்பை அழுத்துவதுதான் பல சமயம் காரணம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமாஸெபின் மாத்திரையை டாக்டர்கள் தருவார்கள்.

ஆக்சிபிடல் நியூரால்ஜியா: பிடரியில் தொடங்கி உச்சந்தலை வரை வலி குத்திப் பாயும். தலை வாரினாலே வலிக்கும். நரம்பின் அருகே மரத்துப்போகும் ஊசி போட்டு வலி அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். சோதனையும் அதுவே, சிகிச்சையும் அதுவே.

செர்விகல் டிஸ்டோனியா: கழுத்துத் தசைகள் தாமாகவே இறுகி, தலை ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். மோவாயை விரலால் லேசாகத் தொட்டால் பலருக்குச் சற்று நேரம் தலை நேராகும். சில மாதங்களுக்கு ஒரு முறை போடும் போட்டுலினம் ஊசி பலன் தரும்.

இந்த வலிகளில் ஸ்கேனைவிட நீங்கள் சொல்லும் விவரமே டாக்டருக்கு அதிகம் உதவும். அதற்கு உங்கள் கம்ப்யூட்டரையே பயன்படுத்துங்கள். நோட்பேடைத் திறந்து எஃப்5 கீயை அழுத்தினால் தேதியும் நேரமும் தானாக வந்துவிடும். எந்த இடத்தில் வலித்தது, எத்தனை நொடி நீடித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரே வரியில் டைப் செய்யுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பிரிண்ட் எடுத்து நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை: வலியோடு கை மரத்துப் பலம் குறைந்தாலோ, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, வாய் கோணினாலோ நோட்பேடைத் திறக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.