வெயிலில் மலையேறு முன் உடலைக் குளிர்வித்தல்

கோடைக்காலத்தில் திருப்பதியில் உஷ்ணநிலை 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவது உண்டு. அந்நாட்களிலும் திருமலைக்கு நடந்து ஏறும் யாத்திரிகர் பலர். அலிபிரிப் பாதையில் ஏறக்குறைய 3,550 படிகள் உள்ளன. தூரம் சுமார் 9 கிலோமீட்டர். ஸ்ரீவாரி மெட்டுப் பாதையின் நீளம் சுமார் 2 கிலோமீட்டரே; எனினும் அதில் 2,388 படிகள் உள்ளமையால் ஏற்றம் கடுமையானது. இத்தகைய உழைப்பைத் தொடங்கு முன் உடலைச் சற்றுக் குளிர்வித்துக் கொள்வதால் பயன் உண்டா என்பதை இங்கு ஆராய்வோம்.

உஷ்ணத்தின் வரவும் செலவும்

தசைகள் தாம் செலவிடும் சக்தியில் சுமார் நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. எஞ்சிய முக்கால் பங்கும் உஷ்ணமாகிறது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 600 மீட்டர் உயரம் ஏறினால், அவர் உடலில் குறைந்தது 250 கிலோகலோரி உஷ்ணம் உண்டாகும். அவ்வுடலின் உஷ்ணநிலை 1 டிகிரி உயர 50 கிலோகலோரி போதும். உண்டான உஷ்ணம் சிறிதும் வெளியேறாதிருப்பின், 37 டிகிரியில் உள்ள உடல் 42 டிகிரியை எட்டிவிடும். அது உயிருக்கே ஆபத்தான நிலை.

இதனைத் தடுப்பது வியர்வையாகும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி உஷ்ணத்தைக் கவர்ந்து செல்கிறது. ஆனால் ஆவியாகாமல் சொட்டி விழும் வியர்வையினால் பயன் இல்லை. காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் புழுக்கம் அபாயகரமாவது இதனாலேயே.

முன்கூட்டியே குளிர்வித்தல்

புறப்படு முன் உடலின் உஷ்ணநிலையை அரை டிகிரி தாழ்த்தினால், 25 கிலோகலோரி உஷ்ணத்தை ஏற்க இடம் கிடைக்கிறது. மேற்கூறிய ஏற்றத்தில் இது பத்தில் ஒரு பங்கு. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியில் ஆஸ்திரேலியப் படகோட்டிகள் பனிக்கட்டி வைத்த மேற்சட்டை அணிந்தது இந்நோக்கத்துடனேயே. நொறுக்கிய பனிக்கட்டி கலந்த பானம் 300 கிராம் அருந்தினால், பனிக்கட்டி உருகுவதற்கும் பின் சூடேறுவதற்குமாக 35 கிலோகலோரி வரை உடலிலிருந்து கவரப்படும். 20 டிகிரியில் உள்ள அதே அளவு நீர் கவர்வது சுமார் 5 கிலோகலோரியே.

மலையடிவாரத்தில் கபில தீர்த்தத்தில் நீராடிய பின் ஏறும் வழக்கமும் இவ்வகையில் பயனுள்ளது. நீர் காற்றைக் காட்டிலும் மிக விரைவாக உஷ்ணத்தைக் கடத்தும். நனைந்த ஆடையும் சிறிது நேரம் வியர்வையின் வேலையைச் செய்யும். எனினும் நடுக்கம் எடுக்குமளவு குளிர்ந்த நீர் வேண்டாம். நடுக்கமே உஷ்ணத்தை உண்டாக்கும். இருதய நோயாளிகள் திடீரெனக் கடுங்குளிர் நீரில் இறங்கலாகாது.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. மனித உடலின் உஷ்ணநிலை நாள்தோறும் விடியற்காலைக்கு முன்பே மிகத் தாழ்ந்திருக்கும். மாலையில் அதைவிட ஏறக்குறைய அரை டிகிரி உயர்ந்திருக்கும். ஆகவே அதிகாலையில் ஏறுவோர் குளிர்ந்த காற்றை மட்டுமன்றிக் குளிர்ந்த உடலையும் பெறுகின்றனர். பாதை திறக்கும் நேரத்தை முன்னரே விசாரித்தறிதல் நலம்.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் கவனிக்க வேண்டியவை

குளிர்வித்தலின் பயன் நீண்ட உழைப்புக்கே உரியது. குறுகிய ஓட்டப் பந்தயத்திற்குத் தசைகள் குளிர்ந்திருத்தல் தீமையாகும். தொடக்கத்தில் உடல் இதமாக இருக்கிறதென்று விரைந்து ஏறினால், பெற்ற இலாபம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நிழல், ஓய்வு, குடிநீர் ஆகியவற்றிற்கு இது மாற்றாகாது. வெயிலில் உழைக்க உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் தேவை. விடுமுறை கழிந்து வரும் மாணவரை முதல் நாளிலேயே கடும் பயிற்சியில் ஈடுபடுத்தலாகாது.

உடன் வரும் ஒருவர் தள்ளாடினாலோ, பொருத்தமின்றிப் பேசினாலோ, மயங்கினாலோ அது வெப்பத்தாக்காக இருக்கலாம். வியர்வை வடிகிறதே என்று அலட்சியம் செய்தல் தவறு. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிற வேண்டும்; அதே வேளையில் மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். நினைவற்றவர் வாயில் நீர் புகட்டலாகாது. ஊர்தி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது; உயிரைக் காப்பது பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களே.